துண்டு வெட்டிய பிறகு

குறைமாதக் குழந்தையை வைத்தியசாலை பிழைக்க வைத்துவிடுகிறது. வீட்டுக்குப் போன பின் அதன் கண்ணையும் காதையும் மூளையையும் காப்பது ஒரு காகிதம். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை நாள். கடல் வடிந்த பிறகு, இடிபாடுகளுக்குள் கிடந்த ஒரு கைக்குழந்தையைக் கல்முனை வைத்தியசாலைக்குத் தூக்கி வந்தார்கள். ஏட்டில் அதற்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, தாய் தகப்பன் இல்லை. இருந்தது ஓர் எண்: 81. அன்று வந்து சேர்ந்தவர்களில் எண்பத்தோராவது ஆள் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லவில்லை. தங்கள் பிள்ளை என்று பலர் உரிமை கோரியதாகச் செய்திகள் வந்தன. விவகாரம் நீதிமன்றம் போய், மரபணுப் பரிசோதனை நடந்து, 2005 பெப்ரவரியில்தான் குழந்தை பெற்றவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மட்டக்களப்பு வாவியின் தென்முனையில் நடந்த அந்தக் கதையை உலகமே எழுதியது. அது பேரழிவு நாள். ஏடு தவறியதற்கு யாரையும் நோக முடியாது. ஆனால் அலையும் சூறாவளியும் இல்லாத சாதாரண நாட்களிலும் ஒரு குழந்தையைப் பற்றிய தகவல் வழியில் உதிர்ந்துபோகக்கூடும். பெயர் தெரியும், பெற்றோரைத் தெரியும், வீடும் தெரியும். எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, எத்தனை நாள் ஒட்சிசனில் கிடந்தது, எந்தத் திகதியில் எந்தச் சோதனைக்குப் போக வேண்டும் என்பது மட்டும் தெரியாது. சாதாரணக் குழந்தைக்கு இதனால் பெரிய கேடு வராது. 37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தை, 2,500 கிராமுக்குக் குறைந்த குழந்தை, பிறந்ததும் அழாமல் மூச்சுக்குத் தவித்த குழந்தை, கிருமித்தொற்றிலும் கடும் மஞ்சளிலும் அடிபட்டுத் தப்பிய குழந்தை ஆகியோருக்கு அந்த ஒரு வரி வாழ்நாளைத் தீர்மானிக்கும்.

எண்ணுவதற்கு எழுந்த முறை

இலங்கையின் தாய் சேய் நலப் பணி வெறும் பெருமைப் பேச்சு அல்ல. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வீடு தேடிப் போகும் மருத்துவ மாதுவும் அவர் கையிலிருக்கும் ஏடும் அன்றிலிருந்து இந்த முறையின் இரண்டு கால்கள். 1946இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 பேர் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையிலேயே நடக்கிறது.

இன்றும் நிகழும் சிசு மரணங்களில் பெரும்பங்கு பிறந்து 28 நாட்களுக்குள் நிகழ்கிறது. குறைமாதப் பிறப்பும் பிறவிக் குறைகளும் அவற்றின் முதன்மைக் காரணங்கள். வயிற்றோட்டத்தையும் மலேரியாவையும் வென்றதைப் போல இவற்றைக் கிணற்று நீரைச் சுத்தம் செய்தும் நுளம்பு மருந்து தெளித்தும் வெல்ல முடியாது. இங்கே இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. முன்பு 1,200 கிராமில் பிறந்த குழந்தை பெரும்பாலும் தங்காது. இன்று பி.பி.யு. என்று சொல்லப்படும் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் சில வாரம் இருந்து, தாயின் மார்போடு வீட்டுக்குப் போகிறது. உயிர் தங்கிவிட்டது. இனிப் பார்க்க வேண்டியது அந்த உயிரின் பார்வை, கேள்வி, மூளை வளர்ச்சி. பிறப்பையும் இறப்பையும் ஊசியையும் எண்ணுவதற்கு எழுந்த ஏட்டு முறையின் தலையில் இப்போது இந்த வேலையும் விழுந்திருக்கிறது.

வாகரையிலிருந்து வாகரைக்கு

மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரையில் ஒரு தாய்க்கு 31ஆவது வாரத்திலேயே வலி கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பகாலம் முழுவதும் அவர் கையோடு வைத்திருந்தது எச் 512 என்ற கர்ப்பிணிப் பதிவு. வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை வழியாக, 60 கிலோமீட்டருக்கு மேல் கடந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வருகிறார். குழந்தை 1,400 கிராம்.

அந்த 1,400 என்ற எண் இனி எத்தனை இடத்தில் எழுதப்படும் என்று பாருங்கள். பிரசவ அறைப் பதிவேடு ஒன்று. கட்டிலோடு தொங்கும் டிக்கட் இரண்டு. தாயின் எச் 512 மூன்று. ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு ரோசா என்று கொடுக்கப்படும் குழந்தைச் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, அதாவது ஊரார் ‘கிளினிக் கார்ட்’ என்று சொல்வது, நான்கு. ஊருக்குத் திரும்பியதும் மாதுவின் பதிவேடு ஐந்து. ஒவ்வொரு பெயர்த்தெழுதலிலும் ஓர் இலக்கம் இடம் மாறலாம், ஒரு கட்டம் வெறுமையாகப் போகலாம்.

பெயரிலும் சிக்கல் உண்டு. துடக்குக் கழிந்து முப்பத்தோராம் நாள்தான் பிள்ளைக்குப் பெயர் வைப்பது நம்மில் பலரின் வழக்கம். சட்டமும் பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் தருகிறது. அதுவரை வைத்தியசாலையில் அது ‘இன்னாரின் குழந்தை’. இரட்டையர் என்றால் ‘முதலாவது’, ‘இரண்டாவது’. இரத்தப் பரிசோதனை முடிவு தாயின் பெயரில் வருகிறது; மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் நிற்கும் குழந்தைக்கோ வேறு பெயர். இரண்டையும் இணைக்கும் எண் ஒன்று கார்டில் தெளிவாக இல்லாவிட்டால், முடிவு ஒரு கோப்பிலும் பிள்ளை வேறு கோப்பிலும் வளரும்.

பிறகு ஒருநாள் துண்டு வெட்டுகிறார்கள், அதாவது குறிப்பு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பி.பி.யு.வில் மணிக்கு மணி பார்த்த குழந்தையை இனி வீட்டில் பார்ப்பவர் மாது ஒருவரே. பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை, 14 முதல் 21ஆம் நாளுக்குள் ஒரு தடவை, 42ஆம் நாளை ஒட்டி ஒரு தடவை அவர் வீட்டுக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. சுகமாகப் பிறந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த குழந்தையை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. நம் வாகரைக் குழந்தை முதல் மூன்று நான்கு வாரமும் வைத்தியசாலையிலேயே இருந்துவிட்டது. வீடு வந்த நாள் முதல் புதிதாக எண்ணத் தொடங்க வேண்டும் என்று யாராவது மாதுவுக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது அந்தத் துண்டுதான்.

எழும்பூர் வழக்கு

துண்டில் ஒரு வரி இல்லாமற்போனால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வழக்கு இருக்கிறது. 1996 ஆகஸ்ட் மாதம் சென்னை எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் 29ஆவது வாரத்தில், 1,250 கிராமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒட்சிசன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். செப்டெம்பர் 23 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்கு நாலரை மாதமானபோதுதான் பெற்றோருக்குத் தெரிந்தது, அதற்குக் கண் தெரியவில்லை என்று.

குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பின் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையைப் பிடித்து இழுக்கலாம். ஒட்சிசன் அளவு மிஞ்சினால் ஆபத்து கூடும். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் மேலை நாடுகளில் சுமார் 10,000 குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்த பிறகே ஒட்சிசனின் பங்கு உறுதியாயிற்று. இந்தக் கேடு வெளியே தெரியாது. கண் சிவக்காது, பிள்ளை அழாது. பொதுவாகப் பிறந்து நான்காவது வாரத்தில் கண் வைத்தியர் மருந்து விட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். சிகிச்சை தேவை என்று கண்டால் லேசர் வைக்க இரண்டு மூன்று நாளே அவகாசம். அதைத் தவறவிட்டால் பிறகு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

அந்தக் குழந்தையின் தந்தை கிட்டத்தட்ட இருபது வருடம் போராடினார். 2015 ஜூலை முதலாம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி இந்திய ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. வெளியேறும்போது கொடுத்த குறிப்பில் இந்த ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கையோ, கண் பரிசோதனைக்கான அறிவுரையோ இல்லை என்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள்.

நான்காவது வாரம் என்பது பல குழந்தைகள் வைத்தியசாலையை விட்டு வெளியேறும் வாரம். சோதனை முடிந்துவிட்டது என்று வார்டு நினைக்கலாம், கிளினிக்கில் பார்ப்பார்கள் என்று வீடு நினைக்கலாம். பொறுப்பு கை மாறும் அந்த ஓரிரு நாளில்தான் எல்லாம் தவறுகிறது. காதுக்கும் இதே நிலைதான். கடும் தொற்றுக்கு ஜென்டமைசின் போன்ற மருந்து கொடுத்த குழந்தைக்கும், கடும் மஞ்சள் கண்ட குழந்தைக்கும் செவிச் சோதனை தேவை. எந்த மருந்து, எத்தனை நாள் என்று எழுதாவிட்டால் அதைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே அடுத்த வைத்தியருக்கு வராது. குதிகாலில் குத்தி எடுக்கும் தைரொயிட் சோதனையும் அப்படித்தான். குறைவு இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்குவது மூளையைக் காக்கும். குறைமாதக் குழந்தையில் முதல் சோதனை ஏமாற்றக்கூடும் என்பதால் திரும்பவும் எடுக்க வேண்டி வரலாம். எடுத்த திகதி கார்டில் இல்லாவிட்டால், எடுத்ததா இல்லையா என்பதே கேள்வியாகிவிடும்.

நிரம்பியிருக்கும் கட்டங்கள்

பதிவின் தரம் என்றதும் எத்தனை கட்டம் நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பது அதிகாரிகளின் வழக்கம். வெற்றுக் கட்டத்தை விட ஆபத்தானது, நிரம்பியிருந்தும் உண்மை சொல்லாத கட்டம். வெறுமையைக் கண்டால் அடுத்தவர் கேட்பார். ‘நோர்மல்’ என்று எழுதியிருந்தால் கேட்கமாட்டார்.

உலகம் முழுதும் பிறப்பு நிறைத் தரவுகளில் ஒரு விசித்திரம் உண்டு. 2,500 என்ற எண்ணில் குழந்தைகள் குவிந்து கிடப்பார்கள். 2,470, 2,490 எல்லாம் எழுதும் கையில் 2,500 ஆகிவிடும். ஆனால் 2,500க்குக் கீழே போனால்தான் குழந்தை ‘நிறை குறைந்தது’ என்ற பட்டியலில் ஏறும். முப்பது கிராமை முழுமையாக்கிய கை, அந்தக் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் கவனிப்பையும் தெரியாமலே அழித்துவிடுகிறது. நான்கு மணிக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய வெப்பநிலை நாள் முழுதும் 36.8, 36.8, 36.8 என்று வரிசையாக நின்றால், அது ஒரே மூச்சில் எழுதியது என்று அனுபவமுள்ள தாதி ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

இதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. வங்கதேசம், நேபாளம், தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து வைத்தியசாலைகளில் 2017, 2018இல் 23,000க்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆய்வாளர்கள் நேரில் நின்று பார்த்து ஏட்டோடு ஒப்பிட்டார்கள். பிறந்ததும் மூச்சு வராமல் முகமூடிப் பை வைத்து மூச்சுக் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் கணிசமானோர் ஏட்டில் அப்படிப் பதியப்படவில்லை. தாய்மாரிடம் பிறகு கேட்டுக் கிடைத்த விடை அதைவிடவும் தேறவில்லை. உயிரைக் காத்த கை எழுதுவதற்கு ஓயவில்லை என்பதுதான் இதன் பொருள். இரவில் ஒரு தாதி பல குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில், எழுத்து எப்போதும் இரண்டாம் இடத்துக்குத்தான் போகும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்களும் தாதியரும் நாட்டைவிட்டுப் போனது அந்தப் பாரத்தைக் கூட்டியிருக்கிறது.

நேரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் அம்மம்மாமார் பிள்ளை பிறந்த மணியை நிமிடத்தோடு குறித்து வைப்பார்கள், சாதகம் எழுதுவதற்கு. மஞ்சள் காமாலைக்கும் அந்த மணி வேண்டும். ஒரே பிலிருபின் அளவு 24ஆவது மணியில் அவசரம், 90ஆவது மணியில் சாதாரணம் ஆகலாம். ‘இரண்டாம் நாள்’ என்று எழுதினால் அது 25 மணியா 47 மணியா என்று தெரியாது. சாதகத்துக்குக் கொடுக்கும் கவனத்தை டிக்கட்டுக்கும் கொடுத்தால் போதும்.

ஒரே கார்டில் இரண்டு வயது

31 வாரத்தில் பிறந்த குழந்தை ஒன்பது வாரம் முந்தி வந்தது. நாலு மாதத்தில் அதன் வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்த ஒன்பது வாரத்தைக் கழிக்க வேண்டும். அதாவது அதை ஏறத்தாழ இரண்டு மாதக் குழந்தையாகக் கொண்டுதான் நிறையையும் தலைச் சுற்றளவையும், சிரிக்கிறதா தலை நிற்கிறதா என்பதையும் கணிக்க வேண்டும். கழிக்காமல் கார்டின் நிற வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஒழுங்காக வளரும் பிள்ளை போசணை குறைந்ததாகத் தெரியும். தாய்ப்பால் போதவில்லை என்று பயந்து மாப்பால் தொடங்கிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் ‘குறைமாதம்தானே’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தால், உண்மையான பின்னடைவு மறைந்துவிடும்.

தடுப்பூசிக்குக் கணக்கு நேர்மாறு. இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகளைப் பிறந்த திகதியிலிருந்தே எண்ண வேண்டும், வாரம் கழிக்கக்கூடாது. நுரையீரல் பலவீனமான இந்தக் குழந்தைக்குத்தான் கக்குவான் இருமல் ஊசி முதலில் தேவை. ஒரே கார்டில் ஓரிடத்தில் ஒரு வயது, இன்னோரிடத்தில் வேறு வயது. இது மாதுவுக்கு விளங்க வேண்டுமானால் ‘பிறந்த வாரம்’ என்ற கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது.

வாவியின் இரு கரை

மட்டக்களப்பின் நில அமைப்பும் வாழ்க்கை முறையும் இதில் கலந்திருக்கின்றன. பெரிய வைத்தியசாலைகள் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி எல்லாம் மேற்கே, படுவான்கரையில். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து பழகிய ஊர்கள் அவை. 2014இல் திறந்த மண்முனைப் பாலம் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்குத் தூரத்தைக் குறைத்தது. ஆனாலும் வயல் வேலைக் காலத்தில் ஒரு கிளினிக் நாள் என்றால் ஒருநாள் கூலி போயிற்று என்றே கணக்கு. கண் ஒரு கிழமை, காது ஒரு கிழமை, குழந்தை வைத்தியர் இன்னொரு கிழமை என்று பிரித்துக் கொடுத்தால் ஏதோ ஒன்று தவறத்தான் செய்யும்.

காகிதமும் இங்கே நிலையில்லாதது. 2006, 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்களுக்கும், 2011 ஜனவரி வெள்ளத்தில் வீடு மூழ்கியவர்களுக்கும் இது தெரியும். கார்டை ஷொப்பிங் பையில் சுற்றி வைக்கிறார்கள். அந்தப் பை தொலைந்தால் குழந்தையின் கதை முழுதும் தொலையும்.

மொழி இன்னொரு சுவர். கார்ட் தமிழில் கிடைக்கிறது. வைத்தியசாலையிலிருந்து வரும் நோய் விவரத் துண்டோ ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்துக் குவியலாக வருகிறது. தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிருந்தால், பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கி வருபவர் அம்மம்மா. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டால், “பேபி ரூமில வெச்சிருந்தவங்க மகள், சரியா விளங்கல்ல” என்பதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்?

இவ்வளவுக்கும் நடுவே மட்டக்களப்புக்கு ஒரு பெரிய பலமும் உண்டு. இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனம். கலியாணமானால் மாப்பிள்ளைதான் வீடு மாறுவார். குழந்தை வளர்வது தாயின் தாய் வீட்டில் அல்லது அதன் பக்கத்து வளவில். பிரசவத்துக்கு ஓரூர், வளர்ப்புக்கு ஓரூர் என்று அலைய வேண்டியதில்லை. சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இருக்கும் மாது, அந்த வளவை ஒரு தலைமுறையாக அறிந்தவராக இருக்கவும் கூடும். வேறெங்கும் விலை கொடுத்தும் வாங்க முடியாத தொடர்ச்சி இது. சரியான தகவல் அவர் கையில் சேர்ந்தால் போதும், பிள்ளையை அவர் தவறவிடமாட்டார்.

கணினி வந்தால் தீருமா?

கொழும்பிலுள்ள குடும்ப சுகாதாரப் பணியகம் தாய் சேய்த் தரவுகளை இணையவழியில் திரட்டுகிறது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டி.எச்.ஐ.எஸ். 2 என்ற மென்பொருள்தான் அதன் அடித்தளம். ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் இந்தக் காலாண்டில் நிறை குறைந்த குழந்தைகள் எத்தனை பேர் என்று அது சொல்லும். அவர்களில் கண் சோதனைக்குப் போகாத குழந்தை யார் என்று சொல்வதற்கு அப்படியான தொகைக் கணக்கு உதவாது. தமிழ்நாட்டின் ‘பிக்மி’ முறை ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனி எண் கொடுத்துப் பின்தொடர்கிறது. நல்ல வழி. ஆனால் எண் இருந்தும் உள்ளே சரியான தகவல் இல்லாவிட்டால் நிலைமை மாறாது. கல்முனையில் 81 என்ற எண்ணும் இருக்கத்தான் செய்தது.

புதிய படிவம் ஒன்றைச் சேர்ப்பதும் தீர்வல்ல. ஆறாவது இடத்தில் அதே நிறையை எழுதச் சொன்னால் ஆறாவது பிழைக்கு வழி திறக்கும். வேண்டியது குறைவான எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு திகதி. குழந்தை இறந்தால் வைத்தியசாலைகள் கூடி ஆராய்கின்றன. செத்துப்பிறப்புகளையும் பிறந்து 28 நாட்களுக்குள் நிகழும் மரணங்களையும் எப்படி ஆராய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2016இல் வழிகாட்டி வெளியிட்டது. பிழைத்த குழந்தையின் ஏட்டை யார் ஆராய்கிறார்கள்? மாதுமார் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கூடும் மாதாந்தக் கூட்டத்தில், பி.பி.யு.வில் இருந்து வந்த பத்துக் குழந்தைகளின் கார்டை எடுத்து மேசையில் வைத்துப் பார்க்கட்டும். பிறந்த வாரம் இருக்கிறதா? கண் சோதனைத் திகதி இருக்கிறதா? போனார்களா? இதற்குக் கணினியும் வேண்டாம், வெளிநாட்டு நிதியும் வேண்டாம்.

துண்டு வெட்டும் முன் கேளுங்கள்

குறைமாதமாகவோ நிறை குறைந்தோ பிறந்த பிள்ளையோடு வீட்டுக்குப் புறப்படும் தாய்மாரும் அம்மம்மாமாரும் தாதியிடமோ வைத்தியரிடமோ கேட்க வேண்டியவை:

1. பிள்ளை எத்தனையாவது வாரத்தில், என்ன நிறையில் பிறந்தது? கார்டில் எழுதியிருக்கிறதா?
2. கண் சோதனை வேண்டுமா? எந்தத் திகதி, எந்த இடம்?
3. காதுச் சோதனை செய்தாயிற்றா? இல்லை என்றால் எப்போது?
4. குதிகால் இரத்தம் எடுத்த திகதி என்ன? முடிவை எப்படி அறிவது? திரும்ப எடுக்க வேண்டுமா?
5. போகும் நாளில் நிறையும் தலைச் சுற்றளவும் எவ்வளவு?
6. எதைக் கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்? யாருக்கு அழைக்க வேண்டும்?

விடைகளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் துண்டையும் கார்டின் எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்து வையுங்கள்; பிள்ளையின் தாயோ தகப்பனோ வெளிநாட்டில் இருந்தால் அவர்களுக்கும் அனுப்பி வையுங்கள். காகிதம் நனைந்தாலும் படம் இருக்கும். வீட்டுக்குப் போன அன்றே மாதுவுக்கு அழைத்துப் பிள்ளை வந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

ஒட்சிசனுக்கும் காப்பறைக்கும் இரவு பகலாக நிற்கும் தாதியருக்கும் இந்த நாடு செலவிடுவதோடு ஒப்பிட்டால், ஒரு வரி எழுதும் செலவு ஒன்றுமே இல்லை. அந்த ஒரு வரி இல்லாமல் பிழைத்த பிள்ளை பார்வையை இழந்தால், முன்பு செய்த அத்தனையும் பாதி வேலைதான். எழுதுவது வைத்தியசாலையின் கடமை. எழுதும்வரை துண்டை வாங்காமல் கேட்டு நிற்பது நம் உரிமை. கேளுங்கள்.